யாருடைய மணிக்கட்டு?

ஐகிடோ பயில்கிறவர்களுக்கு மனப்பாடமான ஒரு ரயில் கதை இருக்கிறது. டெரி டாப்ஸன் என்ற அமெரிக்கர் சொன்னது. இவர் 1960களில் டோக்கியோவில் தங்கி, ஐகிடோவை நிறுவிய மொரிஹெய் உவேஷிபாவிடமே பயின்றவர். ஒரு பிற்பகல் புறநகர் ரயிலில் போய்க்கொண்டிருக்கிறார். குடித்துவிட்டு, அழுக்கு உடையோடு ஒரு தொழிலாளி ஏறுகிறான். கத்துகிறான். கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண்ணை நோக்கிக் கையை வீசுகிறான். அடிபட்டவள் சுழன்று போய் ஒரு முதிய தம்பதியின் மடியில் விழுகிறாள். அந்தத் தம்பதி பயந்து எழுந்து ஓட, மூதாட்டியின் முதுகைக் குறிவைத்து உதைக்கிறான். உதை தவறுகிறது. டாப்ஸன் எழுந்து நிற்கிறார். மூன்றாண்டுப் பயிற்சியை நியாயமான காரணத்தோடு பயன்படுத்த ஒரு வாய்ப்பு கிடைத்துவிட்டது. அடிதடி தொடங்கவிருந்த கணத்தில், கிமோனோ அணிந்த ஒரு சிறிய கிழவர் அந்தக் குடிகாரனைக் கூப்பிட்டு, என்ன குடித்தாய் என்று விசாரிக்கிறார். தானும் தன் மனைவியும் மாலைப்பொழுதில் தோட்டத்தில் அமர்ந்து சாகே குடிப்பதைப் பற்றியும், அங்குள்ள பழமரத்தைப் பற்றியும் பேசுகிறார். உனக்கும் நல்ல மனைவி இருப்பாளே என்கிறார். அவன் உடைந்து அழுகிறான். மனைவி இறந்துவிட்டாள், வேலை இல்லை, வீடு இல்லை. டாப்ஸன் இறங்கும்போது அவன் தலை கிழவரின் மடியில் கிடக்கிறது, கிழவர் அதை வருடிக்கொண்டிருக்கிறார். தான் தசைபலத்தால் செய்ய நினைத்ததை அன்பான சில சொற்கள் செய்துவிட்டன, தான் கண்டதுதான் அசல் ஐகிடோ என்பது டாப்ஸனின் முடிவு.

அழகான கதை. யாரிடம் சொன்னாலும் நெகிழ்வார்கள். நான் கேட்க விரும்புவது ஒன்றே ஒன்று: அந்தக் கைக்குழந்தைக்காரி என்ன ஆனாள்?

கதையில் அவளுக்குக் கிடைப்பது ஓரிரு வாக்கியங்கள். குழந்தைக்கு அடிபடாதது அதிசயம் என்று சொல்லிவிட்டுக் கதை நகர்ந்துவிடுகிறது. பிறகு அவளிடம் திரும்புவதே இல்லை. அவளுக்கு வலித்ததா, அடுத்த நிலையத்தில் இறங்கிக்கொண்டாளா, தன்னை அடித்தவன் மடியில் படுத்து ஆறுதல் பெறுவதை அதே பெட்டியின் மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாளா, நமக்குத் தெரியாது. இந்தக் கதையில் வரும் பெண்களை எண்ணிப் பார்த்தேன். நான்கு பேர். அடிபட்டவள் ஒருத்தி, உதையிலிருந்து தப்பியவள் ஒருத்தி, தோட்டத்தில் கணவனோடு அமர்ந்திருப்பதாகச் சொல்லப்படுபவள் ஒருத்தி, இறந்துபோனவள் ஒருத்தி. பேசுகிறவர்கள் மூவரும் ஆண்கள். சமாதானம் அந்த மூவருக்குள் ஏற்படுகிறது. அடி மட்டும் வேறொருத்திக்கு.

ஐகிடோவைத் தூற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஏழு ஆண்டுகள் அதைப் பயின்றிருக்கிறேன், என் உடலுக்கு அது கொடுத்ததைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஆனால் ‘பெண்களுக்கு மிகவும் பொருத்தமான தற்காப்புக்கலை’ என்று விளம்பரத் தாள்களில் போடப்படும் ஒரு கலையின் தத்துவத்தை ஒரு பெண் எப்படி வாசிப்பது என்ற கேள்வி இந்த ரயில் கதையிலிருந்துதான் எனக்குத் தொடங்கியது.

ஐகிடோவில் இருவர் இணைந்து பயில்வார்கள். ஒருவர் தாக்க வேண்டும். அவருக்கு உகெ என்று பெயர். மற்றவர் அந்த விசையை எதிர்த்து நிற்காமல், அதன் திசையிலேயே தானும் திரும்பி, தாக்குகிறவரின் சமநிலையைக் குலைத்து, மூட்டுப்பூட்டாலோ எறிதலாலோ அவரைத் தரைக்குக் கொண்டுபோக வேண்டும். குத்தும் உதையும் இங்கே முதன்மை அல்ல. கென்ஜி தொமிகி என்ற சீடரின் வழியில் வந்தவர்களைத் தவிர, பெரும்பாலானவர்கள் போட்டி நடத்துவதில்லை. ‘ஐ’ என்றால் இணைதல், ‘கி’ என்றால் உயிர்விசை, ‘டோ’ என்றால் வழி. ஜப்பானிய மொழியில் அன்பைக் குறிக்கும் சொல்லுக்கும் ‘ஐ’ என்ற அதே ஒலிதான்; உவேஷிபா பிற்காலத்தில் இந்த ஒலியொற்றுமையைத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டினார். தாக்க வருகிறவனின் உடலுக்கும் நீதான் பொறுப்பு, அவன் காயமின்றி எழுந்து போக வேண்டும் என்பது இந்தக் கலையின் அறம். மற்றப் பல சண்டைக்கலைகளிலிருந்து இதைப் பிரித்துக்காட்டுவது இதுதான்.

உயர்ந்த அறம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எந்த அறமும் யாரிடம் சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்துத் தன் பொருளை மாற்றிக்கொள்ளும். வகுப்பில் புதிதாகச் சேரும் பெண்களிடம் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். எதிரே இருப்பவரைக் கீழே தள்ளியதும் அவர்களை அறியாமல் ‘ஸாரி’ என்ற சொல் வந்துவிடும். தள்ளுவதுதான் பயிற்சி, அதற்காகத்தான் வந்திருக்கிறோம் என்று தெரிந்தும் வரும். ஆண்களிடம் இதை அரிதாகத்தான் கேட்டிருக்கிறேன். தாக்குகிறவனின் நலனையும் மனதில் வை என்று ஓர் ஆணிடம் சொல்வது புதிய பாடம். அவனுக்கு அதுவரை எவரும் அதைச் சொல்லியிருக்க வாய்ப்பில்லை. அதே வாக்கியத்தை நம்மிடம் சொன்னால் அது அம்மாவும் அத்தையும் ஏற்கெனவே சொன்னதுதான். டாப்ஸன் 1978இல் இன்னொருவரோடு சேர்ந்து ஒரு நூல் எழுதினார். விட்டுக்கொடுத்துக் காரியம் சாதிப்பது எப்படி என்பதுதான் தலைப்பின் பொருள். அதற்கு ஒரு நூல் தேவைப்படுகிற வாசகர் யாராக இருக்கும் என்று யோசித்து நான் சிரித்ததுண்டு. விட்டுக்கொடுத்துப் போ என்பதைத் தாலாட்டோடு கேட்டு வளர்ந்தவர்கள் அந்த நூலை வாங்க மாட்டார்கள்.

உவேஷிபாவின் வாழ்க்கையை எடுத்துப் பாருங்கள். 1883இல் பசிபிக் கடலோரத்துத் தனாபே நகரில் பிறந்தவர். குள்ளமான உடல். அரசியல் எதிரிகள் ஏவிய அடியாட்கள் தன் தந்தையைத் தாக்கியதைச் சிறுவயதில் பார்த்து, வலிமை பெற்றே தீர்வது என்று முடிவெடுத்ததாக அவரது வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். ரஷ்ய-ஜப்பானியப் போரில் சிப்பாய். 1912இல் ஐம்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்களைத் திரட்டிக்கொண்டு வடக்கே ஹொக்கைடோவின் காட்டை வெட்டி ஷிராதாகியில் குடியேற்றம் அமைத்தவர். 1915இல் எங்காரு ஊரின் விடுதி ஒன்றில் சொகாகு தகேதா என்ற கடுமையான ஆசிரியரைச் சந்தித்து, தைதோ-ர்யூ என்ற ஜுஜுட்சு வகையைக் கற்றார். இன்றைய ஐகிடோவின் அசைவுகளில் பெரும்பகுதி அங்கிருந்து வந்தது. 1925இல் வாளோடு வந்த ஒரு கடற்படை அதிகாரியை, அடிக்காமலே விலகி விலகித் தோற்கடித்தபின், தோட்டத்தில் நின்றபோது பொன்னொளி தன்னைச் சூழ்ந்ததாகவும், சண்டைக்கலையின் வேர் அன்புதான் என்று தெளிந்ததாகவும் சொன்னார்.

நாற்பதைத் தாண்டிய, எவராலும் வெல்ல முடியாத ஓர் ஆண் வெற்றியைத் துறக்கிறார். துறப்பதற்கு முதலில் அது கையில் இருக்க வேண்டும். ஐகிடோவின் தத்துவம் பலம் மிகுந்தவன் பலத்தைக் கீழே வைக்கும் கணத்தில் பிறந்த தத்துவம். அதை எழுதப்பட்ட விதத்திலேயே எல்லோருக்கும் பொதுவாக்கும்போது, கையில் எதையும் ஒருபோதும் எடுத்திராதவர்களிடமும் ‘கீழே வை’ என்று சொல்ல நேர்கிறது.

இதைப் பயிற்சியிலேயே காணலாம். ஐகிடோ வகுப்பில் மிக அதிகமாகத் திரும்பத் திரும்பச் செய்யப்படும் தாக்குதல் மணிக்கட்டைப் பிடிப்பது. ஒரு கையால் ஒரு மணிக்கட்டு, இரு கையால் ஒரு மணிக்கட்டு, இரு கையால் இரண்டு மணிக்கட்டும், பின்னாலிருந்து இரண்டும். பெண்களுக்கு ஏன் இது பொருத்தம் என்று விளக்க, தெருவில் கையைப் பிடித்து இழுப்பவனை உதாரணம் காட்டுவார்கள். ஆனால் இந்தப் பிடி ஜப்பானியக் கலைகளில் இவ்வளவு முக்கியத்துவம் பெற்றதற்குக் காரணம் வாள். இடுப்பில் வாள் வைத்திருப்பவன் அதை உருவாமல் இருக்க, எதிரி அவன் மணிக்கட்டைப் பிடித்தாக வேண்டும். பிடிபட்டவன் ஆயுதபாணி, பிடித்தவன்தான் அச்சத்தில் இருப்பவன். பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண்ணின் மணிக்கட்டு பிடிக்கப்படுவது அவள் எதையாவது உருவிவிடுவாள் என்ற பயத்தால் அல்ல. அவளிடம் உருவுவதற்கு எதுவுமில்லை என்ற உறுதியால். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே பிடி. ஆனால் பயிற்சிக்கூடத்தில் நாம் இரவல் வாங்கி அணிந்துகொள்வது சாமுராயின் மணிக்கட்டை. அவனுடைய அச்சமின்மை அதோடு சேர்ந்து வந்துவிடாது.

சரி, இவ்வளவு தெரிந்தும் ஏன் ஏழு ஆண்டுகள்? விழுவதற்காக. ஐகிடோவில் விழுவதற்கு உகெமி என்று பெயர், பாதி நேரம் அதில்தான் போகும். முன்னால் உருளுதல், பின்னால் உருளுதல், தரையைக் கையால் அறைந்து விழுதல். ஐரிஸ் மரியன் யங் என்ற பெண்ணியத் தத்துவவாதி 1980இல் எழுதிய ஒரு கட்டுரையில், பெண்கள் பந்தெறியும்போது முழு உடலையும் பயன்படுத்தாமல் கையை மட்டும் வீசுவதை ஆராய்ந்தார். தன் உடலை ஒரே நேரத்தில் செய்கிறவளாகவும் பார்க்கப்படுகிறவளாகவும் உணர்ந்து, தன்னைச் சுற்றிய வெளியைச் சுருக்கிக்கொண்டே வளர்கிறாள் என்பது அவர் வாதத்தின் சாரம். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு நான் ஓடி விழுந்ததாக நினைவில்லை. விழுந்தால் அடிபடும் என்பதைவிட, விழுந்தால் பார்ப்பார்கள் என்பது பெரிய பயமாக இருந்தது. முப்பது வயதில், வியர்வை நாற்றமடிக்கும் ஒரு விரிப்பின்மேல், ஒரு மாலையில் அறுபது முறை விழுந்து எழுந்தபோது அந்தப் பயத்தில் ஒரு பகுதி கழன்றது. இது தத்துவம் தந்ததல்ல, உருளுதல் தந்தது.

தத்துவத்துக்கு வருகிறேன். எந்த ஐகிடோ கையேட்டைத் திறந்தாலும் வரும் பரம்பரை இது: உடலசைவு தகேதாவிடமிருந்து, ஆன்மிகம் ஒனிசபுரோ தேகுச்சியிடமிருந்து, இரண்டையும் இணைத்தவர் உவேஷிபா. ஒனிசபுரோ என்பவர் ஒமோதோ என்ற புதிய மதத்தின் தலைவர், பேச்சுவல்லவர், எண்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகள் கொண்ட ஆன்ம உலகக் கதையைச் சொல்லி எழுதவைத்தவர். உவேஷிபா 1919 இறுதியில், தந்தை மரணப்படுக்கையில் இருந்தபோது, வழியில் அயபே ஊரில் இறங்கி இவரைச் சந்தித்தார். தந்தையின் மறைவுக்குப் பின் குடும்பத்தோடு அங்கேயே குடிபெயர்ந்தார். முதல் பயிற்சிக்கூடம் அங்கேதான் அமைந்தது. இதுவரை கையேடுகள் சரி. ஒனிசபுரோவுக்கு இந்த மதம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் பல கையேடுகள் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளும்.

அது தேகுச்சி நாவோவிடமிருந்து வந்தது. 1837இல் ஃபுகுச்சியாமாவில் ஒரு தச்சரின் மகளாகப் பிறந்தவர். அயபேயில் உறவினர் வீட்டுக்குத் தத்துப்போய், இன்னொரு தச்சருக்கு மனைவியானவர். கணவர் குடியிலும் கூத்திலும் சொத்தைக் கரைத்தார், பிறகு படுத்த படுக்கையானார், 1887இல் இறந்தார். பதினொரு பிள்ளைகள் பெற்று எட்டுப் பேரை உயிரோடு காப்பாற்றியவர் நாவோ. பயற்றுப் பூரணம் வைத்த மஞ்சூ செய்து விற்றார், பட்டுநூல் இழைத்தார், கடைசியில் பழந்துணியும் காகிதமும் பொறுக்கி விற்றார். 1892 புத்தாண்டை ஒட்டி, ஐம்பத்தைந்து வயதில், அவர் மேல் சாமி வந்தது. வந்தது சாதாரணச் சாமி அல்ல. வடகிழக்குத் திசைக்குரிய, மக்கள் பெயர் சொல்லவே அஞ்சிய, மற்றத் தெய்வங்களால் துரத்தப்பட்டதாக நாவோ நம்பிய கோன்ஜின். தீ வைத்தவர் என்ற சந்தேகத்தில் பிடித்து, பிறகு பைத்தியம் என்று வீட்டுக்குள்ளேயே ஓர் அறையில் அடைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண் அங்கே ஓர் ஆணியை எடுத்துத் தூணில் எழுத்துகளைக் கீறத் தொடங்கினார். 1918இல் இறக்கும்வரை எழுதினார்.

எல்லாம் ஹிரகானாவில், அதாவது சீன எழுத்துகள் கலக்காத, கல்லாதவர்களும் கூட்டிப் படிக்கக்கூடிய எளிய எழுத்தில். அதில் இருந்தது இணக்கம் அல்ல. வலியவன் எளியவனைத் தின்கிற மிருக உலகமாக இது ஆகிவிட்டது, இதை அடியோடு இடித்துத் திரும்பக் கட்டப்போகிறேன் என்று அந்தத் தெய்வம் அவர் வழியாகச் சொன்னது. மெய்ஜி அரசு தொழிற்சாலையும் போர்க்கப்பலும் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், பட்டு விலையும் வரியும் கிராமங்களை நசுக்கிய காலத்தில், ஒரு குப்பை பொறுக்கும் விதவையின் கோபம் இது. நாவோவை நம் காலத்துப் பெண்ணியவாதியாக ஆக்கிவிட நான் விரும்பவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த எல்லாவற்றையும் வெறுத்தார், இறைச்சியையும் மேல்நாட்டு உடையையும் சேர்த்து. ஜப்பானே தெய்வங்களின் நாடு என்று நம்பினார். ஆனால் உலகம் எளியவர்களுக்கு எதிராகக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை அவர் எவரிடமும் கற்கவில்லை. வாழ்ந்து தெரிந்துகொண்டார்.

ஒனிசபுரோ 1899இல் வந்து சேர்ந்து, அடுத்த ஆண்டு நாவோவின் கடைசி மகள் சுமியை மணந்தார். மாமியாருக்கும் மருமகனுக்கும் நடந்த நீண்ட பூசலை அவர்களுடைய மரபே நெருப்புக்கும் நீருக்கும் நடந்த போர் என்று அழைக்கிறது. 1917 முதல் ஒனிசபுரோ நாவோவின் எழுத்தைத் தெரிந்தெடுத்து, ஹிரகானாவுக்குப் பதில் சீன எழுத்துகளைப் பொருத்தி வெளியிட்டார். ஜப்பானிய மொழியில் ஒரே ஒலிக்குப் பல சீன எழுத்துகள் உண்டு. எதைப் பொருத்துகிறோமோ அதுவே பொருளாகிவிடும். எனவே இது வெறும் படியெடுப்பு அல்ல, உரை எழுதுவது. படித்த ஆண் பொருள் சொல்ல, படிக்காத பெண் மூலமாக நின்றார். இதைவிட எனக்கு வியப்பானது இன்னொன்று. நாவோவின் உடல் பெண்ணுடையது, ஆன்மா ஆணுடையது என்றும், ஒனிசபுரோவின் உடல் ஆணுடையது, ஆன்மா பெண்ணுடையது என்றும் ஒமோதோ கற்பித்தது. ஒரு பெண் இவ்வளவு கோபப்படுகிறாள் என்பதை ஏற்க, உள்ளே இருப்பது ஆண் என்று சொல்ல வேண்டியிருந்தது.

நாவோ இறந்து ஓராண்டுக்குப் பிறகு அயபேக்கு வந்த உவேஷிபா அவரைப் பார்த்ததே இல்லை. அவருக்குக் கிடைத்தது மருமகன் வழியாக வந்த நாவோ. அங்கிருந்து ஐகிடோவுக்கு வந்து சேர்ந்தது, உலகத்தைச் சீர்செய்வது, அதை ஒரே குடும்பமாக இணைப்பது என்ற பாதி மட்டும். இடிப்பது என்ற பாதி வழியில் உதிர்ந்துவிட்டது. வலியவன் எளியவனைத் தின்கிறான் என்று தொடங்கிய வாக்கியம், தாக்குகிறவனோடு ஒன்றாகு என்று முடிந்தது. ரயில் கதையில் காணாமல் போகும் பெண்ணைப் பற்றி யோசிக்கும்போது, இந்த முதல் காணாமல் போதல் எனக்கு நினைவுக்கு வருகிறது.

அரசு மட்டும் நாவோவை மறக்கவில்லை. 1921இல் ஒமோதோ மீது முதல் ஒடுக்குமுறை வந்தபோது, நாவோவின் கல்லறை மெய்ஜி பேரரசரின் கல்லறையைப் போல இருக்கிறது என்று சொல்லி அதை மாற்றிக் கட்ட உத்தரவிட்டார்கள். பழந்துணி பொறுக்கியவர் செத்த பின்பும் ஒரு பேரரசைத் தொந்தரவு செய்திருக்கிறார். 1935 டிசம்பரில் இரண்டாவது ஒடுக்குமுறையில் நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். கோயில் கட்டடங்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஒனிசபுரோ ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்தார். உவேஷிபா கைதாகவில்லை. ஒசாகா காவல்துறையின் தலைமையில் அவருக்கு ஓர் ஆதரவாளர் இருந்தார்.

அந்த ஆதரவு தற்செயலாக வந்ததல்ல. 1931இல் டோக்கியோவில் கொபுகான் என்ற கூடத்தைத் திறந்த உவேஷிபாவைத் தாங்கியவர்களில் கடற்படைத் தளபதிகள் இருந்தார்கள். தொயாமா இராணுவப் பள்ளியிலும், இராணுவக் காவல் பள்ளியிலும், ஒற்றர்களைப் பயிற்றுவித்த நகானோ பள்ளியிலும் அவர் கற்பித்தார். மஞ்சூரியாவில் ஜப்பான் அமைத்த பொம்மை அரசின் கென்கோகு பல்கலைக்கழகத்தில் அவருடைய சீடர்கள் கற்பித்தார்கள். ‘ஐகிடோ’ என்ற பெயரே 1942இல், அரசின் கட்டுப்பாட்டில் இருந்த சண்டைக்கலைப் பேரவையில் பதிவானதுதான். அதே ஆண்டில் உவேஷிபா டோக்கியோவை விட்டு இவாமா கிராமத்துக்குப் போய் உழவில் இறங்கினார். போரில் வெறுப்புற்றுப் போனார் என்கிறார்கள், உடல்நலம் கெட்டிருந்தது என்பவர்களும் உண்டு. எப்படியானாலும், அன்பே சண்டைக்கலையின் வேர் என்று தெளிந்தபின் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அவர் பயிற்றுவித்தது ஒரு பேரரசின் படைகளை. அந்தப் படைதான் கொரியாவிலும் சீனாவிலும் பிலிப்பைன்ஸிலும் பெண்களை ‘ஆறுதல் நிலையங்கள்’ என்று பெயரிட்ட கொட்டகைகளில் அடைத்து வைத்தது. 1991இல் கிம் ஹக்-சுன் என்ற கொரிய மூதாட்டி தன் பெயரைச் சொல்லி வெளிப்படையாகப் பேசும்வரை அந்தப் பெண்களும் கதைக்கு வெளியே இருந்தார்கள். உவேஷிபா அந்தக் கொட்டகைகளுக்குப் பொறுப்பு என்று நான் சொல்லவில்லை. அன்பு, இணக்கம் என்ற சொற்கள் அந்த இராணுவப் பள்ளிகளின் கூரைக்குக் கீழே எந்த உரசலும் இல்லாமல் ஒலிக்க முடிந்தது என்கிறேன். யாரோடு இணக்கம் என்று கேட்காத தத்துவம் எந்தக் கூரைக்குக் கீழும் பொருந்தும்.

கலைக்குள்ளே பெண்கள் இல்லாமலில்லை. 1933இல் உவேஷிபாவின் நுட்பங்களை விளக்கி வந்த ‘புடோ ரென்ஷூ’ என்ற நூலின் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை வரைந்தவர் தகாகோ குனிகோஷி. ஓவியக் கல்லூரி மாணவி. கொபுகானில் ஆண்களோடு சேர்ந்து பயின்றவர். உடல் எங்கே திரும்புகிறது, பாதம் எங்கே வைக்கப்படுகிறது என்று தானும் எறியப்பட்டு, எறிந்து, பிறகு வரைந்தார். அந்தக் காலத்து ஐகிடோ எப்படி இருந்தது என்பதற்கான முதன்மைச் சான்றுகளில் ஒன்று இந்தப் பெண்ணின் கை. உவேஷிபாவின் மகளோ வேறு விதத்தில் வருகிறார். 1930களில் ஒரு சிறந்த கெண்டோ வீரரை அவளுக்கு மணமுடித்து, மாப்பிள்ளையை வாரிசாகத் தத்தெடுத்தார்கள். பிறகு அவர் விலகிப் போய்விட்டார். தலைமை மகனுக்கும், அவருக்குப் பின் பேரனுக்கும் போனது. நாவோவின் மதத்தில் ஆன்மிகத் தலைமை அவர் வழிவந்த பெண்களுக்கே உரியது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அங்கிருந்து உலக இணக்கத்தை எடுத்துக்கொண்டவர்கள் இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஹகாமாவையும் சொல்ல வேண்டும். மடிப்பு மடிப்பாகத் தொங்கும் அந்தக் கருநிறக் காலுடையைப் பல கூடங்களில் ஆண்கள் கருப்புப்பட்டை வாங்கிய பிறகுதான் அணியலாம். பெண்கள் அதற்கு முன்பே, மூன்றாம் கியூ நிலையிலேயே அணியலாம். சலுகை போலத் தோன்றும். காரணம் கேட்டால் அடக்கம் என்று பதில் வரும்: வெள்ளைக் கால்சட்டையோடு பெண்கள் உருளுவது நன்றாக இருக்காதாம். ஆணுக்குத் தகுதியின் அடையாளமாக இருக்கும் துணி, பெண்ணுக்குத் துப்பட்டாவாகிவிடுகிறது.

தற்காப்பு என்று வரும்போது ஐகிடோவால் என்ன முடியும் என்ற நேரடிக் கேள்வி மிஞ்சுகிறது. கனடாவில் சார்லீன் சென் என்ற ஆய்வாளரும் குழுவினரும் மூன்று பல்கலைக்கழக வளாகங்களில் 893 முதலாண்டு மாணவிகளிடம் ஓர் ஆய்வு நடத்தி 2015இல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்கு நான்கு அமர்வுகளில் மொத்தம் 12 மணி நேரப் பயிற்சி, மற்றவர்களுக்குத் துண்டறிக்கை மட்டும். ஓராண்டுக்குள் வல்லுறவுக்கு ஆளானவர்கள் துண்டறிக்கைக் குழுவில் 9.8 சதவீதம், பயிற்சிக் குழுவில் 5.2 சதவீதம். அந்தப் பயிற்சியில் உடலால் தாக்குவதும் இருந்தது, ஆனால் அதற்கு முன்னால் வேறு ஒன்று இருந்தது. அறிமுகமானவன், நண்பன், காதலன் எல்லை மீறும்போது அதை ஆபத்து என்று அடையாளம் காண்பது. அவன் மனம் புண்படுமே என்ற தயக்கத்தைத் தாண்டிக் கத்துவது, எதிர்ப்பது. ஐகிடோ கூடத்தின் தாக்குபவன் எப்போதும் எதிரே நின்று, தெளிவாகக் கையை ஓங்கி வருகிறான். அவன் நம் உறவினன் அல்ல, அவனுக்கு நாம் எதுவும் கடன்பட்டிருக்கவில்லை. பன்னிரண்டு மணி நேரத்தில் அந்த மாணவிகள் கடந்தது பெரும்பாலும் அந்த ‘ஸாரி’யை. அதைக் கடப்பதற்கு ஐகிடோவில் தனிப் பாடம் கிடையாது. ஏனென்றால் ஆணுக்காக வடிவமைத்த பாடத்திட்டத்தில் அதற்குத் தேவை எழவில்லை.

ஆனால் பாடத்துக்கான பொருள் உள்ளேயே கிடக்கிறது. ஐகிடோவின் அசைவுகளை இரண்டு வகையாகப் பிரிப்பார்கள். டென்கான் என்பது திரும்புதல்: வரும் விசைக்கு வழிவிட்டுச் சுழல்வது. இரிமி என்பது நுழைதல்: ஓங்கிய கை இறங்குவதற்குமுன், விலகாமல், தாக்குகிறவனின் இடத்துக்குள் குறுக்காக அடியெடுத்து வைத்துப் புகுவது. போருக்கு முந்தைய உவேஷிபாவிடம் இரிமி கடுமையானது, அடியோடு சேர்ந்தது. இன்று பல கூடங்களில் அது நடனம் போல மென்மையாகிவிட்டது. எனக்குக் கற்பித்த ஒருவர், பெண்களுக்கு டென்கான் இயல்பாகவே வந்துவிடும் என்று பாராட்டுவார். இரிமி இயல்பாக வரும் என்று அவர் எந்தப் பெண்ணிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

இப்போது எனக்குப் பின்னால் சேர்ந்த பெண்களோடு பயிலும்போது நான் இரிமியைத்தான் முதலில் எடுக்கிறேன். ஓங்கிய கையைப் பார்த்ததும் அவர்களின் பின்னங்கால் தானாகவே பின்னால் போகும். அந்தக் காலைத் தரையில் ஊன்றவைத்து, முன்கால் எதிரே நிற்பவரின் பாதத்துக்குப் பக்கத்தில் போய் விழும்வரை திரும்பத் திரும்பச் செய்கிறோம். ஓரிரு வாரங்களில் கால் போகத் தொடங்கிவிடும். ‘ஸாரி’ நிற்க இன்னும் கொஞ்ச நாள் பிடிக்கிறது.